ரெண்டு நாள், ஆறு படம், 300 ரூபாய்: மண்டபத்து உலக சினிமா எப்படி?

படத் தேர்வுக்கு முழு மதிப்பெண். திரையிட்ட விதத்துக்குப் பாதி. நாள் குறித்த விதத்துக்குப் பாஸ் மார்க்கே கிடையாது.

ஜூலை மாதத்துச் சனி, ஞாயிறில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, கடலையும் மீனவரையும் பற்றிய ஆறு வெளிநாட்டுப் படங்களை ஓட்டினார்கள். கட்டணம் இரண்டு நாளைக்கும் சேர்த்து 300 ரூபாய், மாணவர்களுக்கு 100. மதியச் சாப்பாடு அதற்குள் அடக்கம். அந்தப் பணத்துக்கு இது நஷ்டமில்லை. ஆனால் ஆறில் மூன்று படங்களை அவை எடுக்கப்பட்ட மாதிரி பார்க்க முடியவில்லை. காரணம் பணப் பற்றாக்குறையும் இல்லை. அநேகமாக எல்லாமே காசில்லாமல் சரிசெய்யக்கூடிய குறைகள்.

முதலில் படங்கள். சனி காலை விஸ்கோன்டியின் ‘லா தெர்ரா த்ரேமா’ (1948), மதியம் மால்டா நாட்டின் ‘லூட்சு’ (2021), மாலையில் இங்கிலாந்தின் ‘பெய்ட்’ (2019). ஞாயிறு காலை கனெத்தோ ஷிண்டோவின் ஜப்பானியப் படம் ‘நேக்கட் ஐலண்ட்’ (1960), மதியம் ஜான்ஃபிராங்கோ ரோசியின் ‘ஃபயர் அட் சீ’ (2016), இருட்டிய பிறகு பள்ளி மைதானத்தில் ‘லெவியத்தான்’ (2012).

பெரிய நகரத்து விழாக்களில் இருபது நாட்டுப் படம் வரும், ஆனால் இப்படி ஒரே நூலில் கோத்துத் தர மாட்டார்கள். ‘லா தெர்ரா த்ரேமா’வில் நடித்தவர்கள் சிசிலித் தீவின் ஒரு மீனவ ஊர்க்காரர்களே, பேசுவதும் அவர்களுடைய வட்டார மொழிதான். மொத்த வியாபாரிகள் வைத்ததே விலை என்ற நிலையில், ஒரு குடும்பம் வீட்டை அடகு வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் பார்க்கிறது. ஒரு புயல் படகை உடைத்துப் போடுகிறது. கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கும் கரையில் இதற்கு முன்னுரை தேவையில்லை.

‘லூட்சு’ என்பது மால்டாவின் மரப்படகு. நம் ஊரில் அணியம் என்கிறோமே, அந்த முன்பக்கத்தில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். படகையும் உரிமத்தையும் ஒப்படைத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் கிடைக்கும், ஆனால் படகை நொறுக்கிவிடுவார்கள். கதாநாயகனாக வரும் ஜெஸ்மார்க் சிக்லூனா நிஜத்திலும் மீனவர். 2021 சன்டான்ஸ் விழாவில் நடிப்புக்கான சிறப்பு நடுவர் விருது வாங்கியவர். நாட்டுப்படகா விசைப்படகா என்று எத்தனையோ கூட்டம் நடந்த ஊரில், அவர் படகின் விரிசலைத் தடவிப் பார்க்கும் காட்சிக்கு அரங்கம் அமைதியானதில் ஆச்சரியமில்லை.

‘பெய்ட்’, கார்ன்வால் கரையில் சுற்றுலாக்காரர்கள் கைக்குப் போய்விட்ட மீனவ வீட்டைப் பற்றியது. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் அப்பாவின் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காட்டுகிறார், மற்றவர் படகில்லாமல் கரையிலிருந்தே வலை போடுகிறார். ‘ஃபயர் அட் சீ’ 2016 பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கிய ஆவணப்படம். லம்பெதூசா தீவில் அகதிகள் வந்திறங்குவதும் ஊர்ச் சிறுவன் கவண் வைத்து விளையாடுவதும் பக்கம் பக்கமாக ஓடும். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிற ஊரிலேயே இதைப் போட்டது துணிச்சல், பொருத்தமும்கூட.

ஆனால் இந்த ஆறில் கரைக்கு மிகவும் நெருங்கியது ‘நேக்கட் ஐலண்ட்’தான். சின்னத் தீவில் நான்கு பேர் கொண்ட குடும்பம். தண்ணீர் கிடையாது. பக்கத்துத் தீவிலிருந்து படகில் கொண்டுவந்து, தோளில் காவடி கட்டி மேட்டில் ஏற்றி, செடிக்குச் செடி ஊற்ற வேண்டும். படம் முழுக்க வசனமே இல்லாத அளவுக்கு மௌனம். 1961இல் மாஸ்கோ விழாவின் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அரசு ஊழியரை மிரட்ட ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்பார்களே, அந்தக் காடு எது என்று தெரிந்தவர்களுக்கு, வாளி கவிழும் அந்த ஒரு காட்சி போதும். மொழி தெரிய வேண்டியதில்லை, வாசிக்க வேண்டியதில்லை, வயசானவர்களும் பார்க்கலாம். இதை முதல் படமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும் ‘லா தெர்ரா த்ரேமா’வைச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு முதலில் போட்டது, பழக்கமில்லாதவரை எடுத்ததுமே ஆழத்தில் தள்ளியது போல. இடைவேளைக்குப் பிறகு நாற்காலிகள் காலியானது தெரிந்தது.

குழந்தைகளுக்கு என்று ஒரு படமும் இல்லை. அது ஒரு குறை.

இனி திரையிடல். பயன்படுத்தியது 3,500 லூமென் (ஒளியின் அளவு) என்று பெட்டியில் எழுதியிருந்த அலுவலக வகை புரொஜெக்டர். திரை 16 அடிக்கு 9 அடி. இது போதாது என்று பலரும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதுமானதுதான். திரையின் பரப்பு 144 சதுர அடி. பெட்டியில் போட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் நிஜத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர அடிக்கு 16 லூமென் விழுகிறது. சினிமா அரங்குகளுக்கான தரமே 14 தான். ஆக வெளிச்சம் குறையவில்லை, இருட்டுதான் குறைந்தது. கல்யாண மண்டபங்களில் பத்தடிக்கு மேலே வரிசையாக வென்டிலேட்டர் இருக்கும். அதன் வழியே காலை வெயில் திரையிலேயே விழுந்தது. புரொஜெக்டர் கறுப்பை உண்டாக்க முடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத இடம், அவ்வளவுதான். அங்கே வெயில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகும். ‘லா தெர்ரா த்ரேமா’வின் விடியலுக்கு முந்தைய கருப்பு வெள்ளைக் காட்சிகள் அப்படியே வெளுத்துப்போயின.

இதற்கு மருந்து வலைக்கூடத்திலேயே இருக்கிறது: கறுப்புத் தார்ப்பாய். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேர் ஏணி வைத்து வென்டிலேட்டரை மூடினால் வேலை முடிந்தது. திரைக்கு இரண்டு பக்கமும் பத்தடிக்குச் சுவரில் கருந்துணி தொங்கவிட்டால் இன்னும் நல்லது. வெள்ளையடித்த சுவர், திரையிலிருந்து தெறிக்கும் ஒளியை வாங்கித் திரும்பத் திரையிலேயே போடும். அரங்கத்துக்காரர்கள் மணவறையின் பொன்னிற ஜிகினாத் திரைச்சீலையைக் கழற்ற மறுத்தார்களாம். மூடவாவது செய்திருக்கலாம்.

இரண்டாவது தவறு, பார்க்கக் கண் கூசியது. ‘லா தெர்ரா த்ரேமா’ பழைய சதுர வாக்குப் படம். அகலம் 4 என்றால் உயரம் 3. அதைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்து ஓட்டினார்கள். எல்லோர் முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகி, மெலிந்த மீனவர்கள் கொழுகொழுவென்று வந்தார்கள். இருபது நிமிடம் கழித்து யாரோ எழுந்துபோய்ச் சொன்ன பிறகுதான் சரியானது. புரொஜெக்டர் மெனுவில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற இடத்தில் ‘ஃபுல்’ அல்லது ‘வைட்’ இருந்தால் இப்படி ஆகும். ‘ஆட்டோ’ அல்லது ‘நேட்டிவ்’ வைக்க வேண்டும். பக்கத்தில் கறுப்புப் பட்டை வருகிறதே, திரை வீணாகிறதே என்று பதறக் கூடாது. ‘பெய்ட்’டும் அதே சதுர வாக்குதான், அதற்குள் பாடம் படித்துவிட்டார்கள். சாவி கொடுத்து ஓடும் பழைய போலெக்ஸ் கேமராவில் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்து, இயக்குநர் மார்க் ஜென்கின் தன் கையாலேயே கழுவிய படம் அது. திரையில் தெரிந்த கீறலும் புள்ளியும் ஃபிலிம் கழுவியதில் வந்தவை. புரொஜெக்டரில் தூசி என்று நினைத்துத் துணியோடு ஓடிய தன்னார்வலரை யாராவது முன்னமே எச்சரித்திருக்கலாம்.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது: காட்சி நகரும்போது ஒரு நடுக்கம். சினிமா விநாடிக்கு 24 சட்டகம், அதாவது ஃப்ரேம். லேப்டாப் வழக்கமாக விநாடிக்கு 60 முறை படம் அனுப்பும். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் போகாது. அதனால் ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். ‘நேக்கட் ஐலண்ட்’டில் படகு மெல்லத் திரையைக் கடக்கும்போது அது திக்கித் திக்கிப் போனது இதனால்தான். லேப்டாப்பின் டிஸ்பிளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்தால் போய்விடும்; பெரும்பாலான புரொஜெக்டர் அதை ஏற்கும்.

சப்டைட்டில் விஷயத்தில் பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடுதான் பார்க்க வேண்டும். இங்கே மூன்று படங்களுக்குத் தன்னார்வலர்கள் தமிழில் எழுதியிருந்தார்கள். மொழிபெயர்ப்பு நன்றாகவே இருந்தது. சிசிலி மீனவர்கள் பேசுவதைப் பேச்சுத் தமிழிலும், படத்தின் மேலே ஒலிக்கும் இத்தாலிய வர்ணனையை எழுத்துத் தமிழிலும் பிரித்துக் காட்டியது கெட்டிக்காரத்தனம். அந்த வட்டார மொழி மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால்தானே வர்ணனை சேர்த்தார்கள். ஒரு சறுக்கல்: ‘லூட்சு’வில் ‘வாள்மீன்’ என்று எழுதியதை நிறைய பேர் வாளை என்று படித்துவிட்டார்கள். வாளைக்கு எதற்கு இவ்வளவு பஞ்சாயத்து என்று முணுமுணுப்பு. மயில்மீனைப் போல மூக்கு நீண்ட பெரிய மீன் என்பது திரையில் வரும் வரை கதை குழம்பியது. மீன் பெயர்களை எழுதும்போது ஒருமுறை ஏலக்கூடத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சொதப்பியது தொழில்நுட்பம். முதல் படத்தில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ எல்லாம் கொம்பு தனி, எழுத்து தனி, நடுவில் புள்ளி வட்டம் என்று உடைந்து வந்தன. சப்டைட்டில் கோப்பைத் திறந்து யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்து, பிளேயரில் தமிழ் எழுத்துள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் உடைந்தால் எழுத்தைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்துவிட வேண்டும். ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கணினி ஓடும். அதன் பிறகு எந்த லேப்டாப்பில் போட்டாலும் எழுத்து உடையாது.

‘லூட்சு’வில் வேறு கோளாறு. ஆரம்பத்தில் சரியாக வந்த எழுத்து, போகப் போக வசனத்தை விட்டு விலகியது. கடைசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். படத்தை ஓட்டியவர் வி.எல்.சி. பிளேயரில் ‘ஜி’, ‘ஹெச்’ பொத்தான்களை அழுத்தி அழுத்திச் சோர்ந்தார். அந்தப் பொத்தான்கள் எழுத்தை மொத்தமாக முன்னே பின்னே தள்ளும், அவ்வளவுதான். விலகல் வளர்ந்துகொண்டே போகிறது என்றால் நோய் வேறு: படம் விநாடிக்கு 23.976 சட்டகம், எழுத்து 25 சட்டகப் பிரதிக்குச் செய்தது. வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. ஒன்றரை மணி நேரப் படத்தில் அது மூன்றரை நிமிடத்தைத் தாண்டும். இலவச சப்டைட்டில் திருத்தி எதிலும் சட்டக வேகத்தை மாற்ற வழி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. இதைக் கண்டுபிடிக்க முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முதல் ஐந்து நிமிடம், நடு, கடைசி ஐந்து நிமிடம், மூன்று இடத்தில் பார்த்தால் போதும். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்வதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது.

எழுத்தின் உயரம் இன்னொன்று. உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து நாலடிக்குச் சற்று மேலே வரும். திரையின் கீழ் விளிம்பு மூன்றடி மேடையிலேயே உட்கார்ந்திருந்ததால், ஆறாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இரண்டாவது வரி முன்னால் இருப்பவரின் தலைக்குள் போனது. திரையை இன்னும் ஒன்றரை அடி ஏற்றியிருக்க வேண்டும். முடியாவிட்டால் எழுத்தைப் படத்துக்குள் மேலே தூக்கலாம், பிளேயரில் அதற்கும் அமைப்பு உண்டு. வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று அரை நாற்காலி நகர்த்திப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒலி. மண்டபத்தில் கை தட்டினால் எதிரொலி அடங்க இரண்டு விநாடி ஆகிறது. டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர். நாதஸ்வரத்துக்கு இது நல்லது, பேச்சுக்கு நஞ்சு. இதில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். ஸ்பீக்கரைத் தலைக்குச் சற்று மேலே வைத்து, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்து, ஒலியைக் குறைப்பதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்தார்கள், வித்தியாசம் தெரிந்தது.

சனி மதியம் நடந்தது இன்னும் விசித்திரம்: கடல் சத்தமும் எஞ்சின் சத்தமும் காதைப் பிளக்க, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. படத்தின் ஒலி ஆறு தடத்தில், அதாவது சேனலில், இருக்கும்; வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில். லேப்டாப் ஆறு தடத்தையும் அனுப்ப, மிக்ஸரில் இடது வலது இரண்டை மட்டும் செருகியிருந்தால் நடுத்தடம் போயே போச்சு. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் ஆறும் இரண்டாகக் கலந்து வரும். வசனம் கேட்கவில்லை என்று புகார் வந்தால் ஒலியைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மின்சாரம் சனி மாலை ஒருமுறை போனது. ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிட்டது, படம் வரப் பத்து நிமிடம் ஆனது. விளக்கு வகை புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது அணைந்தால் ஆறாமல் மறுபடி எரியாது. அடிக்கடி இப்படி ஆனால் விளக்கின் ஆயுளும் குறையும். புரொஜெக்டர் இழுப்பது 300 வாட்டை ஒட்டித்தான். கணினிக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கே.வி.ஏ. யு.பி.எஸ். அந்த அரை நிமிடத்தைத் தாராளமாகத் தாண்டும்.

ஞாயிறு இரவு வெட்ட வெளித் திரையிடல். இதுதான் நிகழ்ச்சியின் சிகரமாகத் திட்டமிட்டது, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை மறந்து திட்டமிட்டது. நோட்டீஸில் மாலை ஆறரை என்று போட்டிருந்தார்கள். ஜூலையில் இங்கே சூரியன் இறங்கவே ஆறரை தாண்டும். ஏழு பத்துக்கு முன் திரையில் ஒன்றும் தெரியாது. கூட்டம் நாற்பது நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருந்தது.

திரையை மைதானத்தின் மேற்கு ஓரத்தில், கிழக்கைப் பார்த்துக் கட்டினார்கள். மின் இணைப்பு அந்தப் பக்கம் வசதியாம். மேல்காற்று முழுக்கத் திரையின் முதுகில் அடித்தது. 144 சதுர அடித் துணி என்பது சின்னப் பாய்மரம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு அதன் மேல் விழும் தள்ளு கிட்டத்தட்ட 70 கிலோ. வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. மணலில் அடித்த முளை இதற்கு நிற்குமா? இரண்டு முறை சாய்ந்தது. பிறகு படம் பார்க்க வந்திருந்த படகுக்காரர்களே எழுந்து வேலையை எடுத்துக்கொண்டார்கள். முளைகளைப் பிடுங்கிவிட்டு மணல் மூட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்து அதில் கயிறு கட்டினார்கள். காற்று வரும் பக்கம் இரட்டைக் கயிறு. திரையின் கீழ் விளிம்பை விறைப்பாகக் கட்டாமல் கொஞ்சம் விட்டுக் கட்டினார்கள், காற்று அடியில் தப்பிப் போகட்டும் என்று. அதன் பிறகு சாயவில்லை. ஆனால் படம் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்னே புடைத்து, நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரிந்தது. திரையைக் காற்றுக்குப் பக்கவாட்டில், அதாவது வடக்கையோ தெற்கையோ பார்த்து வைத்திருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

உப்புக்காற்றில் புரொஜெக்டரை வைக்கும்போது இன்னொன்று. ஏ.சி. காரிலிருந்து நேரே எடுத்து வைத்தால் லென்ஸ் வியர்க்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஆன் செய்ய வேண்டும். துண்டால் துடைக்கவே கூடாது, உப்புத்தூள் லென்ஸைக் கீறிவிடும். இங்கே துண்டால்தான் துடைத்தார்கள்.

இத்தனைக்கும் ‘லெவியத்தான்’ தப்பித்தது. வட அட்லாண்டிக்கில் ஓர் இழுவைப் படகின் மேலும் கீழும் சின்னச் சின்னக் கேமராக்களைக் கட்டி எடுத்த படம். வர்ணனை இல்லை, வசனம் இல்லாத அளவு குறைவு, முழுக்க இருட்டு, இரைச்சல், மீன், ரத்தம். திரை ஆடினாலும் குடி முழுகாது, ஆடுவதே அதன் மொழி. வலையின் மடியைத் தூக்கும் காட்சியில் விசைப்படகில் போகிறவர்கள் பேச ஆரம்பித்தார்கள்: வின்ச் எப்படி, பலகை எப்படி, இவ்வளவு கழிவை ஏன் கொட்டுகிறார்கள். நகரத்தில் பாதிப் பேர் எழுந்து போகக்கூடிய படத்துக்குக் கிடைத்த நல்ல பார்வையாளர்கள் இவர்கள். ஆனால் எட்டு மணி வாக்கில் அவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் திங்கள். ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும்.

நாள் குறித்ததில் பாஸ் மார்க் இல்லை என்றது இதனால்தான். இந்தப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. சனி காலை போனவர்கள் ஞாயிறு காலைதான் கரை ஏறுவார்கள். ‘லா தெர்ரா த்ரேமா’வும் ‘லூட்சு’வும் ஓடிய சனிக்கிழமை, அவை யாரைப் பற்றியவையோ அவர்கள் கடலில் இருந்தார்கள். ஞாயிறு காலை மீன் இறக்கி, விற்று, தூங்கப் போகும் நேரம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் அதே நேரம் கத்தோலிக்கக் கோயிலில் பூசை. சனி, ஞாயிறு விடுமுறை என்பது ஆபீஸ் கணக்கு. இந்தக் கரையின் வார இறுதி வியாழன் மதியத்திலிருந்து வெள்ளி மாலை வரை. புதன் போனவர்கள் வந்துவிட்டிருப்பார்கள், சனிக்கு இன்னும் நேரமிருக்கும். வெள்ளி ஜும்மா நேரத்தை விட்டுவிட்டு அட்டவணை போட்டால் கீழக்கரை, பெரியபட்டினக்காரர்களும் வரலாம். பள்ளிப் பிள்ளைகளும் வர வேண்டும் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இருக்கிறது: 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில், மே மாதம் பள்ளியும் லீவு, காற்றும் ஆடி மாதத்து வேகத்தில் இருக்காது. இவர்கள் தடை முடிந்து எல்லோரும் கடலுக்கு ஓடும் நேரமாகப் பார்த்து வைத்தார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. சனி மீன் குழம்பு, ஞாயிறு சாம்பார் என்று மாற்றி வைத்ததுதான் புரியவில்லை. கீழக்கரைத் தொதல் இனிப்பு விற்ற மேசையில் வரிசை நின்றது. தேநீர் இடைவேளைக்கு 15 நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு பாய்லர் வைத்தால் 25 நிமிடம்தான் ஆகும். கழிப்பறை, தண்ணீர் இரண்டிலும் குறையில்லை; கல்யாண மண்டபத்தின் லாபம் அது.

இதற்குப் பதில் நகரத்து விழாவுக்கே போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: போகலாம். சென்னை விழா 2003 முதல் நடக்கிறது, திருவனந்தபுரம் விழா 1996 முதல். இரண்டும் வழக்கமாக டிசம்பரில். வெள்ளி இரவு சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலை எழும்பூர், ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை ஊர். இரண்டு நாளில் எட்டுப் படம்வரை பார்க்கலாம். திரையரங்கத் தரத்தில் ஒளியும் ஒலியும் கிடைக்கும், முகம் அகலமாகாது. செலவு பாஸில் அல்ல, தங்குவதிலும் சாப்பாட்டிலும்தான். பேர்பெற்ற படங்களுக்கு அரை மணி முன்பே வரிசையில் நின்றாக வேண்டும். இரண்டு அரங்குகளுக்கு இடையே ஆட்டோவில் ஓடும் அட்டவணை போட்டால் ஒன்று நிச்சயம் தவறும். ஒரே அரங்கில் நாள் முழுக்க உட்காருவது மேல். தமிழ் எழுத்து இருக்காது. டிசம்பர் என்பதால் மழைக்கும் வாடைக்கும் தயாராகப் போக வேண்டும். ஆங்கிலம் சரளமாக வாசிப்பவருக்கு நகரம், வீட்டில் அம்மாவையும் கூட்டிப் போக நினைப்பவருக்கு மண்டபம்.

அடுத்த முறை டிக்கெட் வாங்கும் முன் ஏற்பாட்டாளர்களிடம் தொலைபேசியில் கேட்க நான்கு கேள்விகள் இருக்கின்றன. பொதுத் திரையிடலுக்கு உரிமை வாங்கியாச்சா, தணிக்கைச் சான்றிதழ் விலக்கு இருக்கிறதா? வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கை மண்டபத்தில் ஓட்டினால் பாதியில் நின்றுபோகும் ஆபத்து உண்டு. எந்தப் படத்துக்குத் தமிழ் எழுத்து, எதற்கு ஆங்கிலம்? நோட்டீஸில் அதைப் போடாததால் ‘பெய்ட்’டுக்கு வந்த பலர் ஏமாந்தார்கள். பகல் காட்சிக்கு அரங்கை இருட்டாக்குகிறார்களா? கடைசிப் படம் எத்தனை மணிக்கு முடியும்? ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் கிடைத்துவிடும். தேவிபட்டினம், தொண்டி போகிறவர்கள் ராமநாதபுரம் வந்து மாற வேண்டும். ஞாயிறு இரவு அவர்கள் ‘லெவியத்தான்’ முடிவைப் பார்க்கவில்லை.